நோய் வேறு, இயல்பு வேறு

தன்பால் ஈர்ப்புடைய ஆடவன் ஒருவன் பல்லாண்டுகளாக மனச்சோர்விலும் பதற்றத்திலும் உழன்று வருகிறான் என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில், படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி நம்மவர் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இயற்கைக்கு மாறான விருப்பம் ஒன்று உள்ளே இருந்து மனத்தை அரிக்கிறது. அதை அகற்றிவிட்டால் சோர்வும் தானே அகலும். அகற்றுவதற்கு உகந்த உபாயம் காலாகாலத்தில் ஒரு கால்கட்டுப் போட்டுவிடுவது. இந்த அபிப்பிராயத்தைச் சொல்லுகிறவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் குடும்ப வைத்தியருமே சொல்லுகிறார்கள், அன்பினாலேயே சொல்லுகிறார்கள். அன்பின் வாயிலிருந்து வருவதாலேயே இதை மறுப்பது கடினமாகவும் அவசியமாகவும் இருக்கிறது.

எதிர்க் கட்சியை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே தன் கட்சியைத் தொடங்க வேண்டும் என்பது, பரபக்கம் சுபக்கம் எனப் பகுத்து வாதிட்ட நம் பழைய ஆசிரியர்கள் கைக்கொண்ட முறை. அந்த முறைப்படி அவர்கள் தரப்பை நானே சொல்லிவிடுகிறேன். தன்பால் ஈர்ப்புடையாரிடையே மனச்சோர்வும் பதற்றமும் ஏனையோரிடம் உள்ளதைக் காட்டிலும் மிகுதி என்பது உண்மை. பல தேசங்களில் ஆராய்ந்தோர் திரும்பத் திரும்பக் கண்ட செய்தி அது. அதை மறைப்பதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. ‘அப்படியானால் வேர் எங்கே இருக்கிறது என்பது வெளிப்படை அன்றோ?’ என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு அவர்களே சொல்லிக்கொள்ளும் விடைதான் அநியாயமானது.

இயல்பே நோயென்றால், அவ்வியல்பு உள்ள இடமெல்லாம் அந்நோயின் அடையாளம் தென்பட்டாக வேண்டும். ஈவ்லின் ஹூக்கர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் 1957-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத்தான் சோதித்தது. தன்பால் ஈர்ப்புடைய ஆடவர் 30 பேரையும் அஃதில்லாத ஆடவர் 30 பேரையும், வயதிலும் கல்வியிலும் அறிவுத்திறனிலும் ஒருவருக்கொருவர் ஒத்திருக்கும்படி சோடி சேர்த்து, மைக்கறைப் படம் முதலிய சோதனைகளுக்கு அவர்கள் அளித்த விடைகளைப் பெயர் நீக்கித் துறைபோகிய நிபுணர்களிடம் கொடுத்து, எவர் எவ்வகையினர் என்று பிரித்துக் காட்டும்படி கேட்டார் அவர். நிபுணர்களால் பிரித்துக் காட்ட இயலவில்லை. 1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பால் ஈர்ப்பை நீக்கிற்று. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-ல் நீக்கிற்று. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல் இது நோயன்று என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டது. ‘ஓட்டெடுத்தா நோயைத் தீர்மானிப்பது?’ என்று 1974-ல் அமெரிக்க மருத்துவர்கள் நடத்திய வாக்கெடுப்பைக் காட்டி எள்ளி நகையாடுவோர் உண்டு. அந்த வாக்கெடுப்பு வேண்டும் என்று விண்ணப்பித்தவர்கள் நீக்கத்தை எதிர்த்தவர்களே என்பதை இவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். 5,854 பேர் நீக்கம் சரி என்றும் 3,810 பேர் தவறு என்றும் சொன்னார்கள். தோற்ற பிறகு வாக்கெடுப்பே இழுக்கு என்பது விளையாட்டில் கூடச் செல்லாத நியாயம்.

பின் எதனால் மிகுதி? அச்சத்தினால். அச்சம் என்றால் ஒரு நாள் வந்து மறுநாள் போகும் அச்சமன்று. மீசை அரும்பும் பருவத்தில், தோழர்கள் பெண்களைப் பற்றிப் பேசிச் சிரிக்கையில் தானும் சிரித்தாக வேண்டும் என்பதை உணர்ந்து ஒரு கணம் பிந்திச் சிரிக்கிற பையன், அந்தக் கணத்திலிருந்தே தன்னைத் தான் வேவு பார்க்கத் தொடங்குகிறான். நடை ஒசிகிறதா, குரல் குழைகிறதா, கண் எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று கணக்கு வைக்கிறான். உத்தியோகத்துக்குப் போன பிறகு, டீ குடிக்கிற இடத்தில் ‘ஞாயித்துக்கிழமை என்ன பண்ணினீங்க?’ என்று எவரேனும் சாவதானமாகக் கேட்டால், ஆணா பெண்ணா என்பதை வினைமுற்றிலேயே காட்டிக்கொடுத்துவிடும் நம் பாஷையில், ‘அவங்க வந்தாங்க, படம் பார்த்தோம்’ என்று மரியாதைப் பன்மைக்குள் துணைவனை ஒளித்துவைத்து விடை சொல்லுகிறான். ஒரு வாக்கியம் தப்பிவிட்டது; அடுத்த வாக்கியம் இருக்கிறதே! இவ்வாறு இருபது முப்பது வருஷம் இடையறாது காவல் காத்த மனம் களைத்துப்போவதில் வியப்பென்ன? இலான் மேயர் என்னும் ஆராய்ச்சியாளர் 2003-ல் விரிவாக எழுதிய சிறுபான்மையோர் மனஅழுத்தக் கோட்பாடு சொல்லுவது இதுவே: வெளியிலிருந்து வரும் இழிவு ஒரு சுமை, அது வருமென்று எதிர்பார்த்திருத்தல் வேறு சுமை, மறைத்தல் மற்றொரு சுமை, பிறர் சொன்ன இழிவைத் தானே நம்பத் தலைப்படுதல் எல்லாவற்றினும் உள்ளே தங்கிவிடும் சுமை.

மருத்துவரே ஆனாலும் இச்சுமை விடுவதில்லை. 1972 மே மாதம் டல்லஸ் நகரில் கூடிய அமெரிக்க மனநல மருத்துவர் மாநாட்டில், ‘டாக்டர் ஹெச். அனானிமஸ்’ என்ற பெயரில் ஒருவர் பேச வந்தார். தொளதொளத்த அங்கியும் முகத்தில் ரப்பர் முகமூடியும் அணிந்து, குரலைத் திரித்துக் காட்டும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, தாம் தன்பால் ஈர்ப்புடையவர், தாமும் ஒரு மனநல மருத்துவர் என்றார். அவர் ஜான் ஃப்ரையர். பிறர் மனத்தைக் குணப்படுத்தும் தகுதி பெற்ற ஒருவர், தம் சொந்த மனத்தைப் பற்றிச் சக வைத்தியர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல முகமூடி வேண்டியிருந்தது. அது தாமே என்று பகிரங்கமாக ஒப்புக்கொள்ள 1994 வரை காத்திருக்கவும் வேண்டியிருந்தது. இத்தகைய வாழ்க்கையில் பதற்றம் தோன்றினால் அதற்குக் காரணம் ஈர்ப்பா, முகமூடியா என்று நடுநிலையோடு நினைத்துப் பாருங்கள்.

இனிக் கால்கட்டுக்கு வருவோம். விவாகம் மனச்சோர்வுக்கு மருந்து என்பது மெய்யானால், அரசு ஆஸ்பத்திரிகளின் மனநலப் புறநோயாளர் பிரிவில் காலை எட்டு மணிக்கே சீட்டு வாங்க நிற்கும் வரிசையில் தாலி அணிந்த பெண்களையும் பேரன் பேத்தி எடுத்த ஆண்களையும் நாம் காணலாகாது. 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளானவர் என்று கண்டது. விவாகம் ஏறக்குறைய எல்லாருக்கும் நடந்துவிடுகிற தேசத்தில் இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? மணமானவர்களிடமிருந்துதானே?

மருந்தாகாதது மட்டுமன்று, இந்த உபாயம் உள்ள மருந்தையும் கெடுக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்லுகிறேன். பெண் வீட்டார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றதும், அலமாரியில் இருக்கும் எஸ்சிடலோபிராம் அட்டை முதலில் வைட்டமின் டப்பாவுக்குள் போகிறது. நிச்சயதார்த்தம் முடிந்ததும், ‘கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் எதுக்குப்பா?’ என்று குப்பைக்கூடைக்குப் போகிறது. இவ்வகை மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்காமல் சட்டென நிறுத்தினால், தலைசுற்றலும் குமட்டலும் தூக்கக்கேடும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற விதிர்விதிர்ப்பும் சில நாட்களிலேயே உண்டாகலாம்; சில மாதங்களில் பழைய சோர்வே திரும்பிவிடலாம். முகூர்த்தத்தன்று மாப்பிள்ளைக்குக் கை நடுங்குவதையும் முகம் வெளுத்திருப்பதையும் பார்த்துவிட்டு, வந்தவர்கள் ‘கூச்சம்’ என்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அவன் படுக்கையை விட்டு எழாதபோது, பெற்றோர் ‘பழைய புத்தி போகவில்லை’ என்கிறார்கள். மருந்தை நிறுத்தியதன் விளைவு இயல்பின் குற்றமாகக் கணக்கெழுதப்படுகிறது. பிறகு குணசீலத்துக்கோ சோளிங்கருக்கோ அழைத்துப் போகிறார்கள். தெய்வத்தின் மீது எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. போகிற வழியில் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போனால் என்ன என்பதே என் கேள்வி.

அந்தப் பெண்ணைப் பற்றி இவ்வளவு நேரம் யாரும் பேசவில்லை என்பதையும் கவனியுங்கள். மற்றொருவர் மகனுக்கு மருந்தாக அவள் கொண்டுவரப்படுகிறாள். என்ன நோய்க்கு மருந்து என்பதும் அவளுக்குச் சொல்லப்படுவதில்லை. ராகு கேது தோஷத்தையும் செவ்வாய் எத்தனையாம் இடத்தில் நிற்கிறான் என்பதையும் ஒளிக்காமல் பேசிப் பொருத்தம் பார்க்கிற இரு குடும்பங்களில், ஒரு குடும்பம் இந்த ஒன்றை மட்டும் மூடி மறைத்துவிடுகிறது. ஒருவருடைய ஆயுள் முழுவதையும் அவரறியாமல் சோதனைக்கு உட்படுத்துவதை எந்தச் சாஸ்திரம் தருமம் என்று சொல்லிற்று? பையனுடைய சோர்வு தீராமல் போவதோடு, குற்றமற்ற மற்றொரு ஜீவனுக்கும் சோர்வு ஒட்டிக்கொள்கிறது. அவளும் ஒரு நாள் அதே வரிசையில் சீட்டு வாங்க நிற்கிறாள்.

இயல்பை மாற்றித் தருவதாகச் சொல்லும் வைத்தியர்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஆலன் டூரிங் என்ற மாபெரும் கணித மேதைக்கு 1952-ல் பிரிட்டிஷ் நீதிமன்றம் சிறைக்குப் பதிலாகப் பெண் ஹார்மோன் ஏற்றிக்கொள்ளும் நிபந்தனை விதித்தது. மாறியது உடல், இயல்பன்று. இரண்டு வருஷத்தில் அவர் இறந்துபோனார். நம் சென்னை உயர் நீதிமன்றத்தில், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து வந்த இரு பெண்கள் தொடுத்த வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ல் பிறப்பித்த உத்தரவு இத்தகைய ‘சிகிச்சை’யைத் தடைசெய்தது. இப்பொருளில் தமக்குப் போதிய ஞானம் இல்லையென்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்ட பிறகே அவர் தீர்ப்பெழுதினார். தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் இதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்துவிட்டது. ஆகையால், இன்றும் பணம் வாங்கிக்கொண்டு மாற்றிக் காட்டுகிறேன் என்பவர், தாம் மாற்று அபிப்பிராயம் உடைய வைத்தியர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. தம் தொழில் விதிகளை மீறுகிறவர் என்பதே அவருக்குரிய வருணனை.

இனி எதிர்வரும் கட்சிக்காரர் முற்போக்காளர். ‘377-ஆம் பிரிவுதான் 2018 செப்டம்பர் 6-ல் போய்விட்டதே, இன்னும் என்ன பதற்றம்?’ என்பது அவர் கேள்வி. அவருக்கு அந்தச் சட்டத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் நினைவூட்ட வேண்டும். தன்பால் உறவைக் குற்றமாக்கி 1860-ல் இயற்றப்பட்ட பிரிவை 2009 ஜூலை 2-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்திற்று. 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. 2018-ல் அதே உச்ச நீதிமன்றம் வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமாகாது என்று விடுவித்தது. ஒரே மனிதன், ஒரே வீட்டில், ஒரே துணைவனோடு வாழ்ந்துகொண்டே, குற்றவாளியாகவும் நிரபராதியாகவும் மறுபடி குற்றவாளியாகவும் மறுபடி நிரபராதியாகவும் ஆனான். இதனால் அவன் மனம் கற்றுக்கொண்ட பாடம் சுதந்திரமா, எதுவும் நிலையில்லை என்பதா? கடன்காரனுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்தவன் கடன் அடைந்த பின்னும் கதவு தட்டும் ஓசைக்குத் திடுக்கிடுவான். தீர்ப்பின் நகலை அவன் கையில் கொடுத்துவிட்டு ‘ஏன் திடுக்கிடுகிறாய்?’ என்று கேட்பது விவேகமன்று. டென்மார்க்கில் 1989-லேயே தன்பால் இணையரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. அந்நாட்டிலும் ஸ்வீடனிலும் அவ்வாறு இணைந்தோரிடையே தற்கொலை பிற்காலத்தில் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் ஏனைய தம்பதிகளின் அளவுக்கு இறங்கவில்லை. சட்டம் செய்யக்கூடிய உபகாரம் பெரிது. ஆனால் அது முழுச் சிகிச்சை ஆகாது.

என் மனத்துக்கு மிகவும் நெருங்கிய எதிராளிகள் மூன்றாவது வகையினர். அவர்கள் என் நண்பர்கள். ‘உனக்கு நோயே இல்லை, சமூகத்துக்குத்தான் நோய்’ என்பது அவர்கள் கொள்கை. இதன் பிறப்பு எனக்கு விளங்குகிறது. ஹூக்கர் தம் ஆராய்ச்சிக்கு ஆள் தேர்ந்தபோது, மனநலச் சிகிச்சையில் இருந்தவர்களை வேண்டுமென்றே விலக்கினார். தன்பால் ஈர்ப்புடையவன் எல்லாரையும் போல் நலமாக இருக்க முடியும் என்பதை நிறுவ அன்று அது தேவைப்பட்டது, அதில் பிழையில்லை. ஆனால் வழக்கு வென்றபின்னும் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. நாங்கள் ஆரோக்கியமானவர்கள் என்று உலகுக்குக் காட்ட வேண்டியிருக்கிற ஒரு கூட்டத்தில், உண்மையாகவே நோயுற்றிருக்கிறவன் சங்கடமான சாட்சி ஆகிவிடுகிறான்; ‘பார்த்தீர்களா, நாங்கள் சொல்லவில்லையா!’ என்று எதிராளி சுட்டிக்காட்ட இடம் கொடுத்துவிடுவான் என்ற பயம். சென்னையில் 2009 முதல் நடந்துவரும் வானவில் பேரணியில் ஆடிப்பாடிச் செல்லும் முகங்களைப் பார்த்து நானும் மகிழ்ந்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை குளிக்கவும் இயலாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பவனும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே என்பதைச் சொல்ல அங்கே ஒரு பதாகையும் நான் கண்டதில்லை. இதை எழுதுகிறவன் அப்படிப் படுத்திருந்தவன்.

சமூகமே முழுக் காரணம் என்பதும் கணக்குக்கு ஒத்துவருவதில்லை. மனச்சோர்வுக்குப் பரம்பரைக் கூறு உண்டென்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. என் தாய்வழிப் பாட்டி, நாலு பிள்ளை பெற்றுச் சுமங்கலியாக வாழ்ந்தவள், வருஷத்தில் சில மாதங்கள் கொல்லைப்புற அறையில் பேச்சின்றிக் கிடப்பாள். ‘பாட்டிக்கு மந்தமா இருக்கு’ என்று வீட்டார் சொல்லிக்கொள்வார்கள். அந்த மந்தம் எனக்கும் வந்திருக்கலாம். என் மேல் என் காலத்து அச்சமும் ஏறிக்கொண்டது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த வைத்தியராலும் இயலாது, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சமூகம் திருந்துகிற அன்று என் நோய் தீருமென்றால், அது வரையில் நான் இன்றிரவு தூங்குவதற்கு என்ன வழி? போராட்டம் நடக்கட்டும், ராத்திரி மாத்திரையும் நடக்கட்டும்.

ஆகவே என் கட்சி இதுதான்: ஈர்ப்பு நோயன்று, நோயோ பொய்யன்று, ஒன்றை வைத்து மற்றொன்றை நிரூபிக்கவோ மறைக்கவோ வேண்டாம். இதில் தத்துவ விசாரம் மட்டும் அடங்கியிருப்பதாக எண்ணாதீர்கள். மருத்துவரின் மேஜையில் இதற்கு உடனடி விலை இருக்கிறது. நோயாளிச் சீட்டில் ‘மணமானவரா’ என்றும் ‘உடன் வந்தவர், உறவுமுறை’ என்றும் கட்டங்கள் இருக்கின்றன. அடுத்த நாற்காலியில் தாயார் அமர்ந்திருக்கிறார். ‘என்ன தம்பி, லவ் ஃபெய்லியரா?’ என்று மருத்துவர் தோழமையாகவே கேட்கிறார். தம்பி தலையை ஆட்டிவிடுகிறான். நோய் வரலாற்றின் முதல் வரியே பொய்யாகப் பதிவாகிவிடுகிறது. இரண்டு முதல் ஆறு வாரத்தில் மாத்திரை வேலை செய்யத் தொடங்குகிறது. கூடவே, இவ்வகை மருந்துகளில் சாதாரணமாக நேர்கிறபடி, இச்சை குன்றலும் உச்சநிலை தாமதித்தலும் வருகின்றன. மணமான நோயாளி கூச்சப்பட்டுக்கொண்டாவது சொல்லிவிடுவான், மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். நம் நோயாளி பிரம்மசாரி என்றல்லவா எழுதப்பட்டிருக்கிறது! அவன் இதை எப்படிச் சொல்லுவான்? சொல்லாமல் மாத்திரையைத் தானே நிறுத்துகிறான், நோய் திரும்புகிறது, ‘இந்தக் கேஸுக்கு மருந்து பிடிக்கவில்லை’ என்று மருத்துவர் கருதுகிறார். தாயாரைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டு, ‘உங்களுக்குத் துணை யாராவது உண்டா, ஆணா பெண்ணா?’ என்று ஏறிட்டுப் பார்க்காமல் கேட்கும் ஒரு வினாவுக்கு அரை நிமிஷம் ஆகும்.

இறுதியாக, ‘எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வது?’ என்ற கேள்வி. கால்கட்டு வாதத்தின் உயிர்நாடி இதுதான். மற்றவை அதன் மேற்பூச்சு. அந்தக் கவலையை நான் ஏளனம் செய்ய மாட்டேன். நெடுங்கால நோயாளிக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் தன்பால் இணையருக்கு விவாக உரிமையை ஏற்க மறுத்துவிட்டதால், துணைவனுக்குக் கணவன் என்ற ஸ்தானம் சட்டத்தின் கண்ணில் இல்லைதான். ஆனால் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, பாலீர்ப்பின் பேரில் எவருக்கும் சிகிச்சையில் பாகுபாடு காட்டலாகாது என்று விதிப்பதோடு, அதன் 14-ஆம் பிரிவில் வயது வந்த எவரும் தமக்கு ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லுகிறது. முத்திரைத்தாள் வேண்டாம், சாதாரண வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ இட்டால் போதும். அப்படி எவரையும் நியமிக்காத இடத்தில்தான் உறவினர் முறை வருகிறது. ஆகையால் மகனைப் பற்றிய கவலை மெய்யாகவே உள்ள பெற்றோர், ஜாதகக் கட்டை எடுத்துக்கொண்டு தரகர் வீட்டுக்குப் போகும் முன், அந்தத் தாளில் யார் பெயரை எழுத விரும்புகிறாய் என்று அவனைக் கேட்கலாம்; கேட்டபின், அந்தப் பெயருக்குரியவன் வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறானா, மருத்துவரிடம் அழைத்துப் போகிறானா, எழாத நாட்களில் கஞ்சி வைத்துத் தருகிறானா என்று விசாரிக்கலாம். வரப்போகும் மருமகளிடம் அவர்கள் எதிர்பார்த்திருந்த பணிவிடை இவ்வளவுதானே.